பல்கலைக்கழகப் பண்ணையிலும் நஞ்சு நஞ்சே

பீடைகொல்லி என்றதும் நெல்வயலும் மிளகாய்த் தோட்டமுமே எமக்கு நினைவுக்கு வரும். ஆனால் பல்கலைக்கழகங்களிலும் அது பாவிக்கப்படுகிறது. பேராதனை, வந்தாறுமூலை, கிளிநொச்சி ஆகிய இடங்களிலுள்ள விவசாய பீடங்களில் மாணவர்கள் பயிர் செய்து பழகுகிறார்கள். இதைவிட, எந்தப் பல்கலைக்கழகத்திலும் புல்வெளிக்குக் களைகொல்லி, விடுதிக்குக் கரப்பான் மருந்து, கட்டடத்திற்குக் கறையான் மருந்து என்று தேவைகள் உண்டு. மருந்தடிப்பவர் ஒருவர், அவ்வழியால் நடப்பவர்களோ பலநூறு பேர். ஆகவே அங்கே கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

சட்டம் சொல்வது

எமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு செய்யாத மருந்தை விற்பது குற்றம். விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் தேவை. கல்வி நிறுவனம் என்பதற்காகக் கள்ளமாக வந்த மருந்தைப் பாவிக்க முடியாது. ஆய்வுக்குப் புதிய மருந்து தேவைப்பட்டால் முதலில் பதிவாளரின் அலுவலகத்தை நாடவேண்டும்.

இச்சட்டம் வெறும் காகிதம் அல்ல. மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் என்பன 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 1995இல் மிக உயர்ந்திருந்த தற்கொலை மரண வீதம் 2005அளவில் ஏறக்குறைய அரைவாசியாகியது. கொடிய நஞ்சுகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டதே இதற்கு முக்கிய காரணம் என ஆய்வாளர் கூறுகின்றனர். எனவே பழைய களஞ்சியங்களில் தடைசெய்யப்பட்ட மருந்துப் போத்தல்கள் கிடந்தால் அவற்றை எவரும் எடுத்துப் பாவிக்காதபடி பூட்டிவைத்து, அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

செய்யவேண்டியவை

1. லேபிளை வாசிக்க வேண்டும். அதிலுள்ள நிறப்பட்டை நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை எனப் படிப்படியாகக் குறையும். பச்சை என்றாலும் அது நஞ்சே. வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கு மேற்பார்வையாளர் வாசித்துக் காட்டவேண்டும்.

2. மருந்தைப் பூட்டிய அறையில், அதன் சொந்தப் போத்தலிலேயே வைக்கவேண்டும். சோடாப் போத்தலுக்கு மாற்றவே கூடாது.

3. தெளிக்கும்போது நஞ்சு பெரும்பாலும் தோலினூடாகவே உடலுக்குள் செல்கிறது. கையுறை, நீண்ட சட்டை, நீண்ட காற்சட்டை, சப்பாத்து ஆகியவற்றை நிர்வாகமே வழங்கவேண்டும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கக்கூடாது. வேலையின்போது வெற்றிலை, பீடி கூடாது.

4. தெளித்த இடத்தில் அறிவித்தல் பலகை நாட்டவேண்டும். என்ன மருந்து, எப்போது தெளித்தது, எப்போது உள்ளே செல்லலாம் என்பவற்றை அதில் எழுதி, ஒரு பதிவேட்டிலும் குறிக்கவேண்டும். பண்ணை மரக்கறியை விற்பதாயின் லேபிளில் குறித்த காத்திருப்புக் காலம் முடிந்தபின்னரே அறுவடை செய்யவேண்டும்.

5. வெறும் போத்தலை மூன்று தடவை கழுவி, அந்த நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றவேண்டும். பின் போத்தலைத் துளையிட்டு எவரும் மீண்டும் பாவிக்காதபடி செய்யவேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக்கூடாது.

அதிக வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வாந்தி, மூச்சுத் திணறல் என்பன ஓகனோபொஸ்பேற்று நஞ்சின் அறிகுறிகள். உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, லேபிளுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தியெடுக்கச் செய்யக்கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் ஒன்று இயங்குகிறது. அதன் தொலைபேசி இலக்கத்தைப் பண்ணைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் தெளிகருவியை முதுகில் சுமப்பவர் பெரும்பாலும் நாட்கூலித் தொழிலாளி. பக்கத்தில் குறிப்பெடுப்பவர் மாணவர். தொழிலாளி வெறுங்காலுடன் நின்றால், பாதுகாப்புப் பற்றிய விரிவுரை எத்தனை கேட்டாலும் மாணவர் மனதில் அந்தக் காட்சியே பதியும். இம்மாணவர்களிற் பலர் நாளை விவசாய உத்தியோகத்தர்களாக எமது கிராமங்களுக்கு வருவார்கள். அப்போது அவர்கள் எமது கமக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது, பண்ணையில் தாம் கண்டதையே.