எக்செல் பட்டியலை இணையதளத்துக்குள் கொண்டுவர

ஒரு சின்ன நூலகத்தின் புத்தகப் பட்டியல் பெரும்பாலும் எக்செலில்தான் இருக்கும். அதைப் பராமரிப்பவர் நிரலாளராக இருக்க மாட்டார், இருக்கவும் வேண்டாம். அதிலிருந்து அவர் சேமித்து அனுப்பும் சிஎஸ்வி கோப்பை இணையதளம் அப்படியே படித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வேலை மிச்சம்.

ஸ்டாட்டிக் தள மென்பொருள்கள் எச்டிஎம்எல் பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடும். வடிவம் டெம்ப்ளேட்டில் இருக்கும், விவரங்கள் தரவுக் கோப்பில் இருக்கும். எந்த வகைத் தரவுக் கோப்பைப் படிக்கும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஜெக்கில் என்ற மென்பொருள் யாமல், ஜேசான், சிஎஸ்வி ஆகிய மூன்று வகைகளையும் எடுத்த எடுப்பிலேயே படிக்கும். இலெவன்ட்டி என்ற மென்பொருளுக்குத் தெரிந்தவை ஜேசானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் மட்டுமே. மற்றவற்றை நாம்தான் சொல்லித்தர வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

சொல்லித்தருவது சுலபம். அமைப்புக் கோப்பில் 'ஆட்டேட்டாஎக்ஸ்டென்ஷன்' என்ற கட்டளைக்கு இரண்டு விஷயங்களைக் கொடுக்கிறோம்: கோப்பின் பின்னொட்டு, ஒரு ஃபங்ஷன். அந்தப் பின்னொட்டுள்ள கோப்பின் எழுத்துகள் முழுவதையும் இலெவன்ட்டி அந்த ஃபங்ஷனிடம் தரும். அது எதைத் திருப்பித் தருகிறதோ அதுவே தரவு. கோப்பின் பெயர் 'புக்ஸ்' என்றால், டெம்ப்ளேட்டிலும் புக்ஸ் என்றே அழைக்கலாம். பிரித்துப் படிக்கும் வேலையை நாமே எழுத வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியமான என்பிஎம்மில் சிஎஸ்விக்கும் யாமலுக்கும் டாமலுக்கும் மென்பொருள் நூலகங்கள் தயாராக உள்ளன. ஒரே பெயரில் ஜேசான் கோப்பும் இருந்தால், மோதும் இடங்களில் ஜேசானே ஜெயிக்கும்.

இதற்குப் பிறகுதான் கவனம் தேவை. தமிழ்ப் பட்டியலை எக்செலில் சாதாரண 'சிஎஸ்வி' என்று சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதை நீக்காமல் படித்தால் முதல் நிரலின் (நெடுவரிசையின்) பெயரோடு அந்தக் குறியும் சேர்ந்துவிடும். பக்கத்தில் ஆசிரியர், விலை எல்லாம் சரியாக வரும், முதல் நிரலில் உள்ள தலைப்பு மட்டும் காலியாக இருக்கும். காரணம் தெரியாதவர் அரை நாள் தேடுவார். சிஎஸ்வி நூலகங்களில் இந்தக் குறியை நீக்கச் சொல்லும் வசதி இருக்கும். முதலில் அதை இயக்கிவிடுங்கள்.

அடுத்தது எண்கள். சிஎஸ்வியில் எல்லாமே வெறும் எழுத்துதான். விலைவாரியாக அடுக்கினால் 100 ரூபாய்ப் புத்தகம் 9 ரூபாய்ப் புத்தகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். சரி, எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிடலாம் என்றால், 0047 என்ற பதிவு எண் 47 ஆகிவிடும். விலை நிரலை மட்டும் ஃபங்ஷனுக்குள் மாற்றுவதே சரி. ஃபங்ஷன் நம் கையில் இருப்பதன் பலன் இதுதான்.

யாமலின் வம்பு வேறு. அதன் 1.1 பதிப்பில் மேற்கோள் குறியில்லாமல் 'நோ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் 'பொய்' என்ற பூலியன் மதிப்பாகும், 1.2 பதிப்பில் அது வெறும் சொல். ரூபி மொழியில் ஓடும் ஜெக்கில் பழைய விதிப்படி படிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பரவலாகப் பயன்படும் ஜேஎஸ்-யாமல் புதிய விதிப்படி. ஆகவே ஜெக்கிலிலிருந்து இலெவன்ட்டிக்கு மாறுகிறவர்களின் தளத்தில், இரவலுக்கு 'நோ' என்று குறித்த புத்தகங்களும் இரவல் கிடைக்கும் என்று காட்டக்கூடும். காலியாக இல்லாத எந்தச் சொல்லையும் டெம்ப்ளேட் பொதுவாக 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும்.

அதே ஃபங்ஷனில் இன்னொரு வேலையும் செய்துவிடலாம். தலைப்பு நிரலைக் காணவில்லை என்றால் பிழை காட்டி, பக்கங்களைத் தயாரிக்கும் பில்டை நிறுத்தச் சொல்லுங்கள். யாராவது எக்செலில் நிரலின் பெயரை மாற்றிவிட்டால், பழைய பக்கமாவது தளத்தில் இருக்கும்.