ஜெர்மனியில் உயர்கல்விக்கான பள்ளிவழி: பெற்றோர் அறிய வேண்டியவை

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்புக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. சில மாநிலங்கள் இடையில் கொண்டுவந்த கட்டணமும் 2014-க்குள் கைவிடப்பட்டது. ஆயினும், 2018-இல் வெளியான ஆய்வுக் கணக்கின்படி, பட்டம் பெற்ற பெற்றோரின் பிள்ளைகள் 100 பேரில் 79 பேர் உயர்கல்வியில் சேர, பட்டம் பெறாத பெற்றோரின் பிள்ளைகளில் 27 பேரே சேர்கின்றனர். கட்டணமே இல்லாத நாட்டில் இந்த இடைவெளி பள்ளிக்குள்ளேயே, பெரும்பாலும் பத்து வயதிலேயே தொடங்குகிறது.

பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் (பெர்லின், பிராண்டன்பூர்க் மாநிலங்களில் ஆறாம் வகுப்பு முடிந்ததும்) மாணவர்கள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். பல்கலைக்கழகத் தகுதியான அபிடூர் தேர்வுக்கு நேராக இட்டுச்செல்வது கிம்னாசியம். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு நிறைவடைவது ரியால்ஷூலே. பல தரத்து மாணவரையும் ஒருங்கே கற்பிப்பது கெசாம்ட்ஷூலே. ஆரம்பப் பள்ளி தரும் பரிந்துரை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பிணைப்பதன்று. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் இறுதி முடிவு பெற்றோருடையது; ஆனால் ஆறாம் வகுப்பின் முடிவில் மாணவர் அதே பள்ளியில் தொடரலாமா என்பதை ஆசிரியர் குழு தீர்மானிக்கும். பவேரியாவில் ஜெர்மன், கணிதம், சூழ்நிலைக் கல்வி ஆகிய மூன்று பாடங்களின் சராசரி 2.33 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால்தான் கிம்னாசியத்தில் நேரடி இடம் கிடைக்கும். அங்கு 1 என்பதே மிகச் சிறந்த மதிப்பெண். இந்தச் சராசரியை எட்டாதவர்கள் மூன்று நாள் சோதனை வகுப்பில் கலந்துகொள்ளலாம். அதில் ஜெர்மனிலும் கணிதத்திலும் 4 மட்டுமே பெற்றாலும், பெற்றோர் விரும்பினால் சேர்க்கை உண்டு.

கிம்னாசியம் கிடைக்காததாலேயே உயர்கல்வி வாய்ப்பு முடிந்துவிடுவதில்லை. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'தகுதிக் குறிப்பு' ஒன்று சேர்ந்திருந்தால், மாணவர் அபிடூருக்கு இட்டுச்செல்லும் மேல்நிலை வகுப்புகளில் சேரலாம். அதே சான்றிதழ் இக்குறிப்பின்றி வந்தால் அந்த வாய்ப்பு இல்லை. கெசாம்ட்ஷூலேயில் இக்குறிப்பைப் பெற, முதன்மைப் பாடங்களில் அடிப்படைப் பிரிவில் அல்லாமல் மேம்பட்ட பிரிவில் போதிய எண்ணிக்கையில் பயின்றிருக்க வேண்டும். எனவே ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளை எந்தப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது, மாறுவதற்கு என்ன தேவை என்று கேட்பது பெற்றோரின் உரிமை. ஜெர்மன் சரளமாக வராத பெற்றோர், பள்ளியுடனான அத்தகைய ஆலோசனைக்குப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை அதை முழுதாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

பொருளாதாரத் தடைக்கும் தீர்வுகள் உள்ளன. சமூக உதவியோ வீட்டு வாடகை உதவியோ பெறும் குடும்பங்கள், பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சிச் செலவை 2011 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உதவித் தொகுப்பின் வழியே கோரலாம். பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிட்டு வழங்கப்படும் 'பாஃபெக்' என்னும் படிப்புதவியில் பல்கலைக்கழக மாணவர்க்குப் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிச் செலுத்த வேண்டிய தொகைக்கு 10,010 யூரோ உச்சவரம்பு. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய காலத்துக்கு இது வழங்கப்படாததால், தாமதம் நேரடி இழப்பாகும். தொழிற்பயிற்சிக்குச் சென்றவர்க்கும் வழி உண்டு: 2009-இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் எடுத்த முடிவின்படி, 'மைஸ்டர்' என்னும் தொழில் வல்லுநர் தேர்வில் வென்றவர் அபிடூர் இல்லாமலேயே பல்கலைக்கழகத்தில் சேரலாம்.

இவ்வழிகளைக் குடும்பம் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், பள்ளியே எடுத்துச்சொல்லும்போது பலன் கூடுகிறது. கெல்சன்கிர்ஷன் நகரின் வெஸ்ட்ஃபாலியப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய திறன்தேடல் திட்டத்தில், ஆலோசகர்கள் பள்ளிகளுக்கே தவறாமல் சென்று, மதிப்பெண்ணை மட்டும் பாராமல் மாணவரின் வீட்டுச் சூழலையும் கருத்தில் கொண்டு பல ஆண்டுகள் துணைநிற்கின்றனர். 2008-இல் காட்யா உர்பாட்ஷ் தொடங்கிய 'ஆர்பைட்டர்கிண்ட்' அமைப்பின் தொண்டர்கள், தம் குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க விரும்புவோர்க்கு வழிகாட்டுகின்றனர். இத்தகைய ஆலோசகர் தம் பிள்ளையின் பள்ளிக்கு வருகிறாரா என்று விசாரிப்பதும், இல்லையெனில் பெற்றோர் மன்றத்தின் வழியே பள்ளியிடம் கோருவதும், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் செய்யப்பட வேண்டியவை.