உறைந்த தோளும் உடற்பயிற்சியும்

மனித உடலின் மூட்டுக்களுள் மிகுந்த அசைவுடையது தோள்மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. அதனை நிலைநிறுத்துபவை 4 தசைகளும் அவற்றின் நாண்களுமாகும்.

கொச்சியை அடுத்த களமசேரியில் 1960-களில் எச்.எம்.டி. இயந்திரக் கருவித் தொழிற்சாலை தோன்றியது. தொழிற்கூடங்களில் கையைத் தலைக்குமேல் உயர்த்தி நெடுநேரம் உழைப்போருக்கு இந்நாண்கள் நலிவுறுவதுண்டு. அவர்கள் தாமே கையைத் தூக்கினால் வலிக்கும். பிறர் தூக்கினால் பெரும்பாலும் உயரும். நாளடைவில் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே இதற்கு முதற் சிகிச்சை.

‘உறைந்த தோள்’ இதனின்றும் வேறானது. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் கோட்மன் 1934-இல் இப்பெயரை வழங்கினார். இந்நோயில் மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குகிறது. ஆதலின் பிறர் அசைத்தாலும் கை வெளிப்புறம் திரும்புவதில்லை. 40 வயதைக் கடந்தோரிடமும், சிறப்பாக நீரிழிவுடையோரிடமும் இது மிகுதி. முதலில் வலி, பின்னர் இறுக்கம், இறுதியில் தளர்ச்சி என 1 முதல் 3 ஆண்டு வரை நீடிக்கலாம்.

வலிக்கு அஞ்சிக் கையை அசையாது வைத்தால் இறுக்கம் வளரும். வலிந்து இழுத்தால் வலி பெருகும். ஆகவே நடுவழியே நன்று. நலமுள்ள கையை மேசைமீது ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தளரத் தொங்கவிட்டு, கடிகார ஊசல்போல் மெல்ல ஆட்டுக. வலி தணிந்தபின் விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறுக. தொடக்கத்தில் வலி கடுமையாயின் மருத்துவர் மூட்டினுள் மருந்து செலுத்துவதுமுண்டு.

கீழே விழுந்தபின் கை தூக்க இயலாமை, காய்ச்சலுடன் கூடிய வீக்கம் ஆகியவற்றைப் பயிற்சியால் தீர்க்க முயலுதல் தகாது. தோள்வலியுடன் மார்பில் இறுக்கமும் வியர்வையும் தோன்றின், அது இதயநோயின் அறிகுறியாகலாம். உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.