விழா நடத்தலாமா, கூடாதா?

வீட்டில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் எவ்வளவு மகிழ்ச்சி! அமெரிக்காவில் இதை ஒரு பெரிய விழாவாகவே நடத்துவார்கள். மாணவர்கள் நீண்ட அங்கி அணிவார்கள். தலையில் தொப்பி வைப்பார்கள். ஒவ்வொருவர் பெயரையும் வாசிப்பார்கள். மாணவர் மேடை ஏறிச் சான்றிதழ் வாங்குவார். தாய், தந்தை, தாத்தா, பாட்டி எல்லாரும் கைதட்டுவார்கள். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் இது நடக்கும்.

2020ஆம் ஆண்டில் இந்த விழாவுக்குப் பல மாநிலங்களில் தடை வந்தது. தடை சரியா, தவறா என்று பெரிய விவாதமும் எழுந்தது. அதைத் தெரிந்துகொள்வோம்.

தடை ஏன் வந்தது?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது. கொரோனா நோய் உலகம் முழுவதும் பரவும் பெருந்தொற்று ஆகிவிட்டது என்றது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் மிகவும் பாதிக்கப்பட்டது. அங்கே ஏப்ரல் மாதத்தில் சில நாட்களில் ஒரே நாளில் 700 பேருக்கு மேல் இறந்தனர்.

கூட்டம் கூடினால் என்ன ஆகும்? ஓர் உதாரணம் பாருங்கள். 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு கூடியது. 61 பேர் வந்தனர். அறைக்குள் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினர். அவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. பிறகு என்ன நடந்தது? அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்ததாகக் கணக்கிட்டனர். அவர்களில் 2 பேர் இறந்துபோயினர்.

நோய் மூச்சுக் காற்றின் வழியே பரவியது. மூடிய அறையில் ஆபத்து அதிகம். திறந்த வெளியில் ஆபத்து குறைவு. ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

அதிகாரம் யாருக்கு?

அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000 பள்ளி வட்டாரங்கள் உள்ளன. பெரும்பாலான வட்டாரங்களில் ஒரு பள்ளிக் குழு இருக்கும். அதன் உறுப்பினர்களைப் பெரும்பாலும் ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளியை நடத்துவது இந்தக் குழுவின் பொறுப்பு.

மாநிலத்தை ஆள்பவர் ஆளுநர். அங்கே ஆளுநரும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்தான். நம் ஊர் முதலமைச்சர் போன்றவர். தொற்றுநோய்க் காலத்தில் மாநில அரசு உத்தரவு போடலாம். 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அது பெரியம்மைத் தடுப்பூசி பற்றிய வழக்கு. ஒருவர் ஊசி போட மறுத்தார். அவருக்கு 5 டாலர் அபராதம் விதித்தனர். அபராதம் செல்லும் என்றது நீதிமன்றம்.

பள்ளிகள் என்ன கேட்டன?

2020 ஜூன் 7 அன்று நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ ஓர் அறிவிப்பு செய்தார். ஜூன் 26 முதல் திறந்த வெளியில் விழா நடத்தலாம் என்றார். ஆனால் 150 பேருக்கு மேல் கூடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் 300 மாணவர்கள் படித்து முடிக்கிறார்கள். தாய், தந்தையையும் சேர்த்தால் 900 பேர். பெற்றோரே வராவிட்டாலும் 300 பேர். 150 பேருக்குள் எப்படி விழா நடத்துவது?

எனவே பள்ளி நிர்வாகிகளும் பெற்றோரும் அரசிடம் முறையிட்டனர். பெரிய விளையாட்டுத் திடல் உள்ள பள்ளிக்கும், சிறிய திடல் உள்ள பள்ளிக்கும் ஒரே கணக்கா? நாற்காலிகளைத் தள்ளிப் போட்டால் போதாதா? இவை அவர்கள் தரப்பு நியாயம்.

அரசின் தரப்பிலும் நியாயம் இருந்தது. விழாவில் உட்கார்ந்து மட்டும் இருப்பார்களா? கட்டி அணைப்பார்கள். சேர்ந்து நின்று படம் எடுப்பார்கள். இளம் பிள்ளைக்கு நோய் வெளியே தெரியாமல் இருக்கலாம். அது பாட்டிக்குத் தொற்றினால் பாட்டியின் உயிருக்கே ஆபத்து. விழா போனால் வருத்தம். உயிர் போனால் திரும்பி வருமா?

பக்கத்து மாநிலமான நியூஜெர்சியிலும் முதலில் தடை இருந்தது. பிறகு ஜூலை 6 முதல் திறந்த வெளியில் விழா நடத்த அனுமதி கிடைத்தது. அங்கே வரம்பு 500 பேர்.

பள்ளிகளும் வழி கண்டுபிடித்தன. சில பள்ளிகள் மாணவர்களைப் பிரித்துப் பல விழாக்கள் நடத்தின. சில பள்ளிகளில் குடும்பம் காரில் இருந்தபடியே விழாவில் கலந்துகொண்டது. சில பள்ளிகள் விழாவைத் தள்ளிப் போட்டன.

நீதிமன்றம் சொன்னது என்ன?

ஜூன் 26 அன்று நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்களும் சில யூதர்களும் தொடுத்த வழக்கு அது. பள்ளி விழாவுக்கு 150 பேர் வரலாம். அதே திறந்த வெளியில் வழிபாட்டுக்கு ஏன் அதைவிடக் குறைந்த வரம்பு? இதுதான் கேள்வி. இடைவெளி விட்டு நின்றால், திறந்த வெளி வழிபாட்டுக்கு அந்த வரம்பைப் போடக் கூடாது என்றார் நீதிபதி.

இதில் ஒரு பாடம் உண்டு. அரசு விதி போடலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு நீதி, இன்னொருவருக்கு வேறு நீதி என்று இருக்கக் கூடாது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இத்தகைய சட்டம் உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதை ஒட்டி 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. கொரோனா காலத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். 2021 ஜூன் 1 அன்று மத்திய கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே ரத்து ஆனது.

2023 மே 5 அன்று கொரோனா அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் நாளை வேறு நோய் வரலாம். வேறு உத்தரவும் வரலாம். அப்போது நாம் உத்தரவைப் படிக்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்:

உத்தரவு போட்டவர் யார்? எந்தச் சட்டத்தின்படி?
எந்தத் தேதி வரை?
காரணம் என்ன?
எல்லாருக்கும் ஒரே மாதிரியா?
குறை இருந்தால் யாரிடம் மனு கொடுப்பது?

உத்தரவை மீறுவது வேறு. காரணம் கேட்பது வேறு. மீறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆபத்து வரலாம். காரணம் கேட்டால் விதி திருந்தலாம். கேட்பது நம் உரிமை. அடுத்தவர் உயிரைக் காப்பது நம் கடமை.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு இப்படி ஒரு தடை வந்தால் என்ன செய்வீர்கள்?
150 பேர்தான் வரலாம் என்றால் யாரை அழைப்பீர்கள்? ஏன்?