கையை எடுத்ததும் அணையும் புல் வெட்டும் மெஷின்: ஸ்க்ரூவைத் திருகும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

கயிறை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் நன்றாகவே கத்துகிறது. கையை எடுத்தால் போதும், இரண்டு முறை திக்கித் திணறி அணைந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் களை முழங்கால் உயரத்துக்கு நிற்கும்போதுதான் பிரஷ் கட்டர் இப்படிப் படுத்தும்.

உடனே பலரும் செய்வது ஒன்றுதான். கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகுவார்கள். மெஷின் அணையாமல் ஓடும், வேலையும் நடக்கும். ஆனா பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கூடவே ஒரு புது ஆபத்தும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்க்ரூவைத் திருகினால் என்ன ஆகும்?

பிரஷ் கட்டரில் இன்ஜினுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு கிளட்ச் இருக்கிறது. வேகம் கூடும்போது தானாக விரிந்து பிளேடைச் சுற்றவைக்கும், வேகம் குறைந்தால் விட்டுவிடும். பெரும்பாலான மெஷின்கள் ஐடிலிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று ஓடும். அப்போது பிளேடு அசையாமல் நிற்க வேண்டும்.

ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால், கிளட்ச் பிடிக்கும் அளவை இன்ஜின் தொட்டுவிடும். அதன்பின் ஆக்சிலேட்டரில் கை இல்லாதபோதும் பிளேடு சுற்றும். தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, பக்கத்தில் ஆள் நிற்கும்போது, இது காலையே பதம் பார்த்துவிடும். அதனால ஸ்க்ரூ கடைசி வேலை, முதல் வேலை இல்லை.

மெதுவாக ஓடும்போது மட்டும் ஏன் தகராறு?

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. வேகமாக ஓடும்போது பெரிய ஜெட் வழியாகப் போகும். ஐடிலிங்கில் தனியாக ஒரு சின்ன வழி. அந்த ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்கே தெரியாத பிசின் படிந்தாலும் அடைத்துக்கொள்ளும். பெரிய வழி திறந்திருப்பதால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் கத்தும், சின்ன வழி அடைத்திருப்பதால் விட்டால் அணையும்.

நம்ம ஊர் மெஷினுக்கு ஏன் இது அதிகம்?

சங்கரன்கோவில் வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி பூமி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் முக்கியம். களையும் அப்போதுதான் மண்டும். மானாவாரித் தோட்டம் என்றால், பொங்கல் முடிந்து மூலைக்குப் போகும் மெஷின் அடுத்த புரட்டாசி வரை அங்கேயேதான் கிடக்கும். டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோலும் கூடவே கிடக்கும்.

அந்த பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மீதி பிசுபிசுவென்று ஒட்டும். இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. முதலில் 2030-க்கு வைத்த 20 சதவீத இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான்!

காரும் பைக்கும் அடிக்கடி டேங்க்கைக் காலி செய்து நிரப்புகின்றன. எட்டு மாதம் ஒரே பெட்ரோலோடு கிடப்பது இந்த மாதிரி சின்ன இன்ஜின்கள்தான். பல சின்ன இன்ஜின்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

செலவில்லாததில் தொடங்கி வரிசையாகப் போங்க. கை வைக்கும் முன் இன்ஜின் ஆறட்டும், பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள்.

1. பெட்ரோல்: பழையதை முழுசா வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் மெஷின் என்றால் ஆயில் அளவு முக்கியம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எது என்பதை உங்கள் மெஷின் கையேட்டில் பாருங்கள், குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம்.

2. ஏர் ஃபில்டர்: காய்ந்த காட்டில் ஓடும் மெஷினுக்குத் தூசிதான் முதல் எதிரி. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும், புகை தள்ளும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு காயவைத்து மாட்டலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது.

3. பிளக்: கழற்றி நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்ல அறிகுறி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகவோ காற்று குறைவாகவோ போகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

4. சோக் டெஸ்ட்: இன்ஜின் சூடான பிறகு, ஐடிலிங்கில் சோக்கை லேசாகப் போடுங்கள். ஓட்டம் சீரானால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஒன்று சின்ன ஜெட் அடைத்திருக்கும், இல்லை எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. இன்னும் மோசமானால், பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். மறுபடி ஃபில்டரைப் பாருங்கள்.

5. டேங்க் மூடி: கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு அணைகிறதா? மெஷின் ஆறியதும் மூடியைத் தளர்த்தி, திரும்ப மூடி ஓட்டிப் பாருங்கள். சரியானால், மூடியில் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

6. பெட்ரோல் பைப்: வெடித்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். விலை குறைந்த ரப்பர் பைப், பெரிய தலைவலி.

இத்தனைக்கும் அப்புறம்தான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது. ஜெட் ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதானால் அளவே மாறிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். கையில் பிடித்து வெட்டும் மெஷின்களில் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும். அது விறைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு, சூடான இன்ஜினில் ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடலாம். அளவு எளிது: இன்ஜின் அணையக் கூடாது, பிளேடு சுற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை என்றால் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

எப்போது மெக்கானிக்கிடம் போகணும்?

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். கார்புரேட்டர் கேஸ்கெட்டிலோ ஆயில் சீலிலோ காற்று கசியலாம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, சிலிண்டர் மாற்றுவதில் போய் நிற்கும்.

ஓட்டிப் பார்ப்பதெல்லாம் திறந்த வெளியில்தான். பூட்டிய மோட்டார் ரூமுக்குள் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்த வருஷம் இது வராமல் இருக்க?

இந்த சீசனின் கடைசி களை வெட்டிய அன்றைக்கே பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். டேங்க்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றி, சில சொட்டு ஆயில் விட்டு, கயிறை இரண்டு முறை மெதுவாக இழுத்துவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள். இனி பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து, ஊரில் அப்பாதான் மெஷினைத் தூக்குகிறார் என்றால், இன்று போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆக்சிலேட்டரை விட்டதும் பிளேடு நிக்குதாப்பா?" இல்லை என்று பதில் வந்தால், சரிசெய்யும் வரை மெஷினை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.