தோல் போய் மரம் வந்தது

மங்கோலியர்களின் மொரின் ஹூருக்கு இரண்டே தந்தி. இரண்டும் குதிரைவால் மயிர். முறைப்படி கட்டுகிறவர்கள் தடித்த தந்திக்கு ஆண்குதிரையின் வாலிலிருந்து 130 மயிரும், மெல்லிய தந்திக்குப் பெண்குதிரையின் வாலிலிருந்து 105 மயிரும் எடுப்பார்கள். கயிறுபோல முறுக்காமல் மயிரை இணையிணையாக இழுத்துக் கட்டுவார்கள். வில்லிலும் குதிரை மயிர்தான். மயிரின்மேல் மயிர் உரசுவதால் வரும் ஒலியில் சுரத்தோடு கொஞ்சம் மூச்சுக்காற்றும் கலந்திருக்கும். கழுத்தின் உச்சியில் ஒரு குதிரைத் தலை செதுக்கியிருக்கும்.

நூறு வருடங்களுக்கு முன்பு இதை யாரும் கடையில் வாங்கியதில்லை. மேய்ப்பவரே செய்துகொண்டார். பெட்டிபோன்ற ஒரு மரச்சட்டம், அதன் முகப்பில் ஆட்டுத்தோல் அல்லது ஒட்டகக் கன்றின் தோல். சட்டத்துக்கு வழியில்லாதவர்கள் தண்ணீர் மொள்ளும் மர அகப்பையின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, அதன் காம்பையே கழுத்தாக்கிக்கொண்டார்கள். அளவு, சுருதி எல்லாம் அவரவர் கைக்கும் தொண்டைக்கும் ஏற்றபடி. உச்சியில் எப்போதும் குதிரைதான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. சிங்கம், கருடன் உண்டு. மகரமும் உண்டு. நம் கோயில் தோரணங்களில் வாய் பிளந்து நிற்கிறதே, அதே மகரம்தான். பௌத்தத்தோடு வடக்கே போய்ப் புல்வெளிவரை சேர்ந்துவிட்டது. வாசிக்காத நேரத்தில் கருவி கெர் எனும் கம்பளிக் கூடாரத்தின் வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்களும் தெய்வப் படங்களும் இருக்கும் மரியாதையான பக்கத்தில் இருக்கும்.

வாசிக்கும் விதமும் தனி. தந்தியைக் கழுத்துப் பலகைமேல் அழுத்துவதில்லை. விரலின் நகக்கண்ணாலும் பக்கவாட்டாலும் தொட்டுத் தள்ளுவார்கள். சாரங்கி வாசிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். உர்தின் தூ என்ற நெடும்பாட்டில் பாடகர் ஓர் எழுத்தைப் பிடித்து மூச்சு முட்டும்வரை இழுத்துக்கொண்டு போவார். ஹூர் அவர் பின்னாலேயே நிழலாகப் போகும். குதிரையின் நடை, பெருநடை, பாய்ச்சல் ஆகியவற்றை வில்லால் காட்டும் தனி உருப்படிகளுக்குத் தத்லகா என்று பெயர். கேட்பவர்கள் பத்துப் பதினைந்து பேர், அதுவும் ஒரு கூடாரத்துக்குள். அதற்கு அந்த மெல்லொலி போதும்.

1924-இல் மங்கோலியா மக்கள் குடியரசானது. முப்பதுகளின் இறுதியில் மடாலயங்கள் இடிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான லாமாக்கள் கொல்லப்பட்டார்கள். நாட்டுப்புற இசையை அரசு அழிக்கவில்லை, மேடையேற்றியது. நடத்துநர், சுரத்தாள், ஐரோப்பிய வரிசையில் உட்கார்ந்த வாத்தியக்குழு என எல்லாம் வந்தன. அங்கேதான் தோல் காலை வாரியது. ஈரம் பட்டால் தளர்ந்தது, காய்ந்தால் இறுகியது. ஒருவர் தனியாக வாசிக்கும்போது கண்ணில் படாத இந்தக் குணம், இருபது பேர் ஒரே சுருதியில் சேரவேண்டியபோது பெரும் தொல்லையானது. கடைசி வரிசைக்குக் கேட்கவும் இல்லை.

1960-களில் ரஷ்ய வயலின் தச்சர் டெனிஸ் யாரவோய் தோலை எடுத்துவிட்டு முகப்பில் மரப்பலகையைப் பொருத்தினார். வயலினைப் போல வளைந்த துளைகளை வெட்டினார். உள்ளே முகப்பையும் முதுகையும் இணைக்கும் சிறு மரக்கட்டையை நிறுத்தினார். மேடையில் இதை நிலைநாட்டியவர் 1919-இல் பிறந்த கோம்போதோர்ஜ் ஜம்யான், தோல் ஹூரின் தலைமுறையைச் சேர்ந்த பெருங்கலைஞர். எல்லைக்கு அப்பால் சீனாவின் உள்மங்கோலியாவில் சி புலாக் போன்றவர்கள் தங்கள் வழியில் இதே வேலையைச் செய்தார்கள். குதிரை மயிர் இருந்த இடத்துக்கு நைலான் இழைக்கற்றை வந்தது. சுருதி ஒன்றாக வரையறுக்கப்பட்டது. பள்ளியில் பாடமாக வைக்கத் தோதான கருவியாகிவிட்டது.

பழைய ஒலியின் ரசிகர்கள் இதைக் கொலை என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஜம்யான் எந்த ஒலியிலிருந்து விலகுகிறோம் என்று தெரியாமல் விலகியவர் அல்ல. ஆனால் இழப்பு உண்மையானது. பழைய தோல் ஹூரின் பதிவைக் கேட்டால் ஒலி கொஞ்சம் மூக்கடைத்தாற்போல இருக்கும், ஓரங்களில் கரகரக்கும். மர ஹூர் செல்லோவின் தம்பிபோல வட்டமாக, வழவழப்பாகப் பேசுகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் இருந்த சுருதி வேறுபாடுகளும் பாடத்திட்டத்துக்குள் அடங்கிப்போயின. மேற்கே அல்தாய் மலைப்பகுதியில் இகில் என்ற அண்ணன்முறைக் கருவி மட்டும் தன் போக்கில் பிழைத்தது.

1990-இல் ஒற்றைக்கட்சி ஆட்சி முடிந்தது. புதிய அரசுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டபோது ஹூர் தயாராக நின்றது. 1992-இல் ஹூரின் குடும்பக் கருவிகளை மையமாக வைத்துத் தேசிய இசைக்குழு உருவானது. ஹூரைப் போற்ற ஜனாதிபதி ஆணையே வந்தது. 2003-இல் யுனெஸ்கோ அதன் மரபிசையை மனிதகுலத்தின் அரும்பொருளாக அறிவித்தது. முன்பு பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்த வில்லை இன்று பெண்களும் மேடைதோறும் இழுக்கிறார்கள். சமவெளியில் பிறந்த கருவிக்குத் தலைநகர் உலான்பாத்தர்தான் இப்போது தலைமையிடம். நாட்டின் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ட்ஸுட் என்னும் கொடுங்குளிர் அவர்களில் பலரை அங்கே துரத்தியது. 2009-10 குளிர்காலத்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. மந்தை போனவர்களுக்கு நகரம்தான் கதி.

மேடை கொண்டாடும் அதே காலத்தில் ஹூர் செய்துவந்த ஒரு பழைய வேலை மறைந்துகொண்டிருக்கிறது. கோபிப் பாலையில் தாய் ஒட்டகம் கன்றை ஏற்க மறுத்தாலோ, அனாதைக் கன்றை வேறொரு தாயிடம் சேர்க்க வேண்டியிருந்தாலோ, விடியலிலோ அந்தியிலோ இரண்டையும் பக்கத்தில் கட்டிவிட்டு ஒருவர் ஹூர் வாசிக்க இன்னொருவர் திரும்பத் திரும்ப ஒரே அசைகளைப் பாடுவார். தாய் இளகிக் கண்ணீர் விட்டு, கன்றைப் பால் குடிக்க விடும் என்பது மேய்ப்பவர்களின் அனுபவம். பியம்பசுரென் தாவாவும் லூயிஜி ஃபலோர்னியும் 2003-இல் எடுத்த 'அழும் ஒட்டகத்தின் கதை' என்ற படம் இதை உலகத்துக்குக் காட்டியது. 2015-இல் யுனெஸ்கோ இந்தச் சடங்கை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தது. ஒட்டகம் செய்த வேலையை மோட்டார் சைக்கிள் செய்யும்போது, ஒட்டகத்துக்குப் பாடவேண்டியவர் எங்கிருந்து வருவார்? அடையாளமாகப் பெருகி, பயன்பாட்டில் சுருங்கிய கருவி இது. பெருமைக்குரிய பட்டியல் ஒரு பக்கம், ஆபத்துப் பட்டியல் இன்னொரு பக்கம்.

தி ஹூ என்ற ராக் குழுவின் காணொளிகள் 2018-இல் வெளிவந்து கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றன. தோலாடை, மோட்டார் சைக்கிள், அடித்தொண்டைப் பாட்டு, நடுவே மின்சாரம் ஏற்றிய மொரின் ஹூர். 2022-இல் அவர்களை யுனெஸ்கோ அமைதிக்கான கலைஞர்களாக்கியது. பழமைவாதிகளுக்கு இது இன்னொரு கொலை. எனக்கோ இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்பதுதானே தோலின்மீது வைத்த பெரிய குற்றச்சாட்டுகளில் ஒன்று? ஒலிவாங்கியும் பெருக்கியும் அதைத் தள்ளுபடி செய்துவிட்டன. கூடாரத்துக்கென்று பிறந்த மெல்லொலியை இன்று விளையாட்டரங்கம் முழுக்கக் கேட்கவைக்கலாம். ஈரத்தில் தளரும் குணம் மட்டும் தோலோடு ஒட்டியே இருக்கும். குழுவில் உட்கார்கிறவர்கள் மரத்தைத்தான் எடுப்பார்கள். தனியாக வாசிக்கிறவர்களுக்கோ அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. தோல் முகப்பு வேண்டுமென்று கேட்பவர்களுக்கு அதைச் செய்துகொடுக்கும் தச்சர்களும் இருக்கிறார்கள்.