வித்தியாசம் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர்!

குட்டீஸ்! இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடி' என்று கேட்டால், பென்சிலோடு உட்கார்ந்து விடுவீர்கள் தானே? கம்ப்யூட்டரும் இதே விளையாட்டை விளையாடுகிறது, தெரியுமா?

கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகள் தான் புரோகிராம். பெரிய புரோகிராமில் லட்சக்கணக்கான வரிகள் கூட இருக்கும். பிழைகளைத் திருத்தி, புது வசதிகள் சேர்த்து, அடுத்தடுத்த பதிப்புகளை வெளியிடுவர். பழைய பதிப்பில் திருத்திய பிழையைப் புதிய பதிப்பிலும் திருத்த வேண்டுமானால், அந்த வரி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இடம் மாறித் திருத்தினால், நன்றாக ஓடிய புரோகிராமும் படுத்து விடும்!

வரி எண்ணை வைத்துத் தேடலாமே என்கிறீர்களா? அம்மா எழுதிய மளிகைப் பட்டியல் இது: அரிசி, பருப்பு, புளி, மிளகாய். அடுத்த மாதப் பட்டியல்: சர்க்கரை, அரிசி, பருப்பு, புளி, மிளகாய். எண்படி ஒப்பிட்டால், அரிசிக்கு நேராக சர்க்கரை, பருப்புக்கு நேராக அரிசி... எதுவுமே பொருந்தாது! உண்மையில் கூடியது சர்க்கரை மட்டும் தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர் 'டிஃப்' என்ற புரோகிராமை எழுதினார். 1974ல் யூனிக்ஸ் இயங்குதளத்துடன் இது வெளிவந்தது. இரண்டு பதிப்புகளிலும் முன்பின் மாறாமல் வரும் வரிகளில், மிக நீளமான தொடரை டிஃப் கண்டுபிடிக்கும். அதில் சேராமல் மிஞ்சுபவை தான் வித்தியாசங்கள்!

சரி, பெயரையே மாற்றி விட்டால்? மாறுவேடப் போட்டியில் நண்பனைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் அல்லவா? லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005ல் 'கிட்' என்ற புரோகிராமை எழுதினார். புதிய பதிப்பில் ஒரு கோப்பு காணாமல் போய், வேறு பெயரில் ஒன்று முளைத்திருந்தால், கிட் இரண்டின் உள்ளேயும் பார்க்கும். பாதியாவது ஒத்திருந்தால், 'இது பெயர் மாறிய பழைய ஆள்' என்று சொல்லும். இந்தப் 'பாதி' அளவைத் தேவைக்கேற்பக் கூட்டலாம்; குறைக்கலாம்.

ஆனால், இது ஊகம் தான். ஒரே மாதிரி எழுதப்பட்ட வேறு கோப்பைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. அதனால், கம்ப்யூட்டர் சொன்னதை மனிதர்களும் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

நீங்களும் செய்து பாருங்களேன்! உங்கள் கட்டுரையின் முதல் பிரதியையும், திருத்திய பிரதியையும் அருகருகே வையுங்கள். எந்த வரி புதிது? எந்த வரி இடம் மட்டும் மாறியது? பென்சிலை எடுங்கள்!